கூடி உழைக்கும் கணிப்பொறிகள்



பொன்முடிக்குச் செல்லும் வழியில் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர் என் பாட்டி. “நாற்பது பேர் பறித்தாலும் தராசு ஒன்றுதானே! எடை போட வரிசையில்தானே நிற்க வேண்டும்?” என்பார். பல கணிப்பொறிகளை இணைத்து ஒரே கணக்கைச் செய்விக்க முயன்றபோதுதான் அச்சொல்லின் ஆழம் எனக்கு விளங்கிற்று.

ஒன்றால் ஆகாத வேலையைப் பலவற்றுக்குப் பகிர்ந்தளிப்பது புதிய கருத்தன்று. 1994-இல் அமெரிக்காவின் நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் என்னும் இருவர் சாதாரணக் கணிப்பொறிகள் 16-ஐ வலையால் பிணைத்தனர். 2011-இல் நம் திருவனந்தபுரத்திலேயே, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், ‘சாகா-220’ எழுந்தது. 400 மையச் செயலிகளும் 400 வரைகலைச் செயலிகளும் சேர்ந்து, நொடிக்கு 220 இலட்சம் கோடி கணக்குகள் வரை செய்யவல்லது அது.

நமக்கு அவ்வளவு வேண்டா. நான்கு கோர் கொண்ட கணிப்பொறிகள் நான்கு கிடைத்தாலே போதும். செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, எல்லாப் பொறிகளிலும் ஒரே பயனர் கணக்கு. இரண்டாவது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடவுச்சொல் கேளாமல் நுழைய எஸ்.எஸ்.எச். சாவி. மூன்றாவது, நிரலும் தரவும் எல்லோர்க்கும் ஒரே இடத்தில் தெரியுமாறு பொதுக் கோப்புறை. நான்காவது, எல்லாவற்றிலும் ஒரே பதிப்பான எம்.பி.ஐ. மென்பொருள். செயல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 1994-இல் வகுக்கப்பட்ட நெறியே எம்.பி.ஐ. ஐந்தாவது, பொறிகளின் பெயரும் அவற்றின் கோர் எண்ணிக்கையும் எழுதிய பட்டியல் கோப்பு. முதலில் ஒவ்வொரு பொறியும் தன் பெயரை மட்டும் சொல்லுமாறு சிறு சோதனை செய்க. நான்கு பெயரும் வந்தால் பாதை சரி.

இவ்வளவும் செய்து, 16 செயல்களுடன் என் ஆய்வுக் கணக்கை ஓடவிட்டேன். ஆய்வேடு தரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தோ! ஒற்றைப் பொறியைவிட மெதுவாக ஓடிற்று. இரண்டு இரவு உறக்கமின்றித் தேடியபின் காரணம் அகப்பட்டது. நான் பயன்படுத்திய கணித நூலகம், ஒவ்வொரு செயலுக்குள்ளும் தானாகவே நான்கு இழைகளைத் திறந்திருந்தது. 16 கோர்களுக்கு 64 இழைகள் முட்டி மோதின! ‘ஓ.எம்.பி._நம்_திரெட்ஸ்’ என்னும் சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பிட்டதும் நெருக்கடி தீர்ந்தது. வேகம் ஆறு மடங்கை எட்டிற்று.

பதினாறு மடங்கு ஏன் இல்லை? அங்கேதான் பாட்டியின் தராசு! எல்லாச் செயல்களும் தம் விடைகளை ஒரே செயலிடம் ஒப்படைக்க, அதுமட்டுமே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. 1967-இல் ஆம்டால் காட்டிய உண்மை இதுவே. வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்யத்தக்கதாயின், 16 செயல்களால் கிட்டுவது 6.4 மடங்கு. ஆயிரம் பொறிகளைச் சேர்த்தாலும் பத்து மடங்கை எட்ட முடியாது.

ஆதலின் தோழர்களே, இன்னொரு பொறி வேண்டுமென்று விண்ணப்பம் எழுதுமுன், உங்கள் நிரலில் தராசு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வரிசையைக் குறைத்தால், இருக்கும் பொறிகளே இன்னும் விரைந்து உழைக்கும்.