சூரியனை அறியாத ஜீவன்

உலகத்து ஜீவராசிகள் யாவும் சுற்றி வளைத்தேனும் சூரியனையே ஆகாரத்துக்கு நம்பியிருக்கின்றன என்று பள்ளியில் நாம் படித்த பாடத்துக்கு, தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், தரைமட்டத்துக்கு 2.8 கிலோமீட்டர் கீழே, பாறை வெடிப்புகளில் தேங்கிய ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீரில் வசிக்கும் ஒரு பாக்டீரியா விலக்காக நிற்கிறது. 2008இல் வெளியான ஆராய்ச்சியின்படி, அந்நீரை ஆயிரக்கணக்கான லிட்டர் வடிகட்டிச் சோதித்ததில் அகப்பட்ட உயிர்களுள் 99.9 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே இனமாக இருந்தது. ஜூல்ஸ் வெர்னின் பாதாள யாத்திரை நாவலில் வரும் லத்தீன் வாசகத்திலிருந்து எடுத்து, டிசல்ஃபோருடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர் என்று விஞ்ஞானிகள் அதற்கு நாமகரணம் செய்தார்கள்.

ஒளியும் பிராணவாயுவும் இல்லாத அவ்விடத்தில் அது எதைத் தின்று வாழ்கிறது? பாறையிலுள்ள யுரேனியம் முதலியவை சிதையும்போது எழும் கதிர்வீச்சு, பக்கத்திலுள்ள நீரின் மூலக்கூறை உடைத்து ஹைட்ரஜனை விடுவிக்கிறது. நீர் அவ்வாறு உடைவதில் பிறக்கும் வேறு பொருள்கள் பைரைட் என்னும் கந்தகக் கனிமத்தைத் தாக்கிச் சல்பேட்டை உண்டாக்குகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து வினைபுரியச் செய்து, அதில் கிடைக்கும் சொற்ப சக்தியைக் கொண்டு அந்த ஜீவன் காலம் தள்ளுகிறது. கதிரியக்கம் என்றாலே மரணத்தை நினைக்கும் நமக்கு, அதுவே அன்னதாதாவாக அமைந்த விந்தையை ஏற்பது எளிதன்று.

பூமிக்கடியில் உயிர் உண்டு என்ற பேச்சு புதிதல்ல. 1926லேயே சிகாகோ சர்வகலாசாலையின் எட்சன் பாஸ்டின், எண்ணெய்க் கிணறுகளின் ஆழத்து நீரில் பாக்டீரியாக்கள் உண்டென்று அறிவித்தார். அவை துளையிடும்போது மேலிருந்து புகுந்தவையாகவே இருக்கும் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அந்தச் சந்தேகம் அநியாயமானதன்று. ஆழத்தில் கிடைத்ததெல்லாம் ஆழத்தில் பிறந்ததாகிவிடாது. ஆனால் ம்போனெங் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தபோது, கரியையும் நைட்ரஜனையும் தானே உயிர்ப்பொருளாக்கிக்கொள்ளவும், பாதகமான காலத்தில் வித்தாக உறங்கிக் கிடக்கவும் வேண்டிய சாதனங்கள் அதில் இருந்தன. பிராணவாயுவைத் தாங்குவதற்கான முழுமையான ஏற்பாடு மட்டும் இல்லை. மேலுலகில் பிழைக்கத் தெரியாத ஒன்றை, மேலிருந்து தவறி விழுந்ததென்று எப்படிச் சொல்வது?

இது ஏதோ ஒரு சுரங்கத்தின் அபூர்வமும் அல்ல. பாதாளத்து உயிர்களில் அடங்கிய கார்பன் மட்டும் 1,500 முதல் 2,300 கோடி டன் இருக்கலாமென்று, ஆழ்நிலக் கார்பனை ஆராய்ந்த சர்வதேசக் குழு 2018இல் மதிப்பிட்டது. மனிதகுலம் முழுவதன் உடலிலுள்ள கார்பனைப்போல் அது பல நூறு மடங்கு.