கரைக்கு வரும் உழுவை

மேட்டூர் அணையிலும் மோகனூர், பரமத்தி வேலூர்க் காவிரியிலும் தூண்டில் போட்டுப் பழகியவருக்குப் பெரிய மீன் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோகிற மீன். அதில் குற்றமில்லை. ஒரு தாய்க் கட்லா லட்சக்கணக்கில் முட்டையிடும். அணையில் மீன்குஞ்சுகளை விட்டு இருப்பையும் பெருக்குகிறார்கள். விடுமுறைக்குக் கடற்கரை போய் அதே தூண்டிலை வீசும்போது உழுவை மாட்டினால் இந்தக் கணக்கு செல்லாது. முன்பாதி திருக்கை போலவும் பின்பாதி சுறா போலவும் இருக்கும் அந்த மீனுக்கு எலும்பே கிடையாது, உடல் முழுக்கக் குருத்தெலும்பு. முட்டையிடாமல் குட்டி போடும்; அதுவும் ஓர் ஈற்றுக்குப் பொதுவாக இருபதுக்குள்தான். பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும். ஆழமில்லாத மணற்பரப்பில் நண்டும் இறாலும் தேடித் திரிவதால் கரையில் நிற்பவரின் தூண்டிலுக்கும் எட்டிவிடுகிறது. அங்கே பிடிபடும் பெரிய பெட்டை சினையாகவும் இருக்கலாம். அதைக் கொன்றால் போவது ஒரு மீன் மட்டுமல்ல.

இழுவைமடி வலையில் சிக்கிச் சாவதோடு ஒப்பிட்டால் தூண்டிலில் மாட்டுவது எம்மாத்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பெரிய அழிவு அங்கேதான். ஆனால் மடியில் ஏறும் மீன் பெரும்பாலும் நசுங்கியோ மூச்சுத்திணறியோ வருகிறது. தூண்டிலில் உயிரோடு வருகிறது, விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பிடித்தவருக்கு நேரமும் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-இல் மதிப்பிட்ட பெரிய உழுவையினங்கள் பதினாறில் பதினைந்து அழிவின் விளிம்பில் இருக்கின்றன. அந்த நிலையில் ஒரு தாய் மீனும் பொருட்படுத்தத் தக்கதே. எல்லா உழுவைக்கும் சட்டப் பாதுகாப்பு இல்லையே என்பது அடுத்த மறுப்பு. 2001-இல் உழுவை இனம் ஒன்றும் ரம்ப மூக்குள்ள வேளா மீன்களும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2022 திருத்தத்தில் பட்டியல் நீண்டது. எது எந்த இனம் என்று அலைக்கரையில் நின்று பிரித்தறியச் சாதாரணமானவரால் முடியாது. எல்லாவற்றையும் விடுவதே பத்திரம். அதற்கும் மேலே, காக்கப்பட்ட உயிரைப் பிடிக்க முயல்வதையே சட்டம் வேட்டை என்கிறது. ஆகவே உழுவைக்கென்றே தூண்டில் வைப்பதை என்னால் ஒரு விளையாட்டாக ஏற்க முடியவில்லை.

விட்டாலும் செத்துப்போகும் என்பார்கள். கையாளும் விதத்தைப் பொறுத்தது அது. உள்ளுறுப்புகளைத் தாங்க அதற்கு விலாக்கூடு இல்லை. வாலைப் பிடித்துத் தூக்கிப் படமெடுத்தால் உள்ளே காயப்படும். அலை நனைக்கும் இடத்திலேயே கிடத்தி, முள் எளிதில் வராவிட்டால் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டி, கண்ணுக்குப் பின்னால் மூச்சுக்காக இருக்கும் துளைகளை மூடாமல் ஆழத்தின் பக்கம் திருப்பிவிட வேண்டும். படம் வேண்டுமென்றால் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம்.