குறட்டை: திண்ணையிலிருந்து ஏசி அறை வரை

நாய் வாசலில், தாத்தா திண்ணையில், பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் இரவு பெரும்பாலும் இப்படித்தான் பிரிந்து கிடந்தது. கோடை வந்தால் திண்ணைக்குப் பதில் மொட்டை மாடி, இல்லையென்றால் வாசலில் போட்ட கயிற்றுக் கட்டில். தாத்தா விடும் குறட்டை வேப்பமரத்தைத் தாண்டிக் காற்றோடு போய்விடும். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து அதற்குப் பதில் குறட்டையும் வரும்.

“உழைச்ச உடம்பு, அசந்து தூங்குறாரு” என்பாள் அப்பத்தா. குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்றே வீடு நம்பியது. பகலில் பேப்பரை விரித்த கையோடு தாத்தாவின் தலை தொங்கிப்போனால், அதற்குக் காரணம் வயசு. பேரப்பிள்ளைகள் கும்பகர்ணன் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டு ஓடுவார்கள். நடுராத்திரியில் குறட்டை சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லாமல், பிறகு தொண்டையை அறுத்துக்கொண்டு மூச்சு திரும்புவதை அப்பத்தாவும் கேட்டிருக்கிறாள். எழுந்து போய் தோளை உலுக்கி, “ஒருக்களிச்சுப் படுங்க” என்பதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். மல்லாந்து படுத்தால் மட்டும் குறட்டை கூடுகிறவர்களுக்கு இன்றைய மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள்.

நாயின் கதை வேறு. கோம்பையோ ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ, பெயர் தெரியாத தெருநாயோ, அதற்கு வேலை காவல், கூலி பழைய சோறு, இடம் வாசற்படிக்குக் கீழே. நடுவீட்டில் கால் வைத்தால் விளக்குமாறு பறக்கும். நீண்ட மூஞ்சி கொண்ட அந்த நாய்கள் குறட்டை விட்டு யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. சருகு அசைந்தாலும் தலையைத் தூக்கிவிடும் தூக்கம் அவற்றினுடையது.

அன்றைக்கு மருத்துவ உலகமும் அப்பத்தாவைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கவில்லை. தூக்கத்தில் மேல்தொண்டை அடைபட்டு மூச்சு திரும்பத் திரும்ப நிற்கிறது என்பதை 1965இல்தான் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்து காட்டினார்கள். ஸ்லீப் அப்னியா என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். நோய் முற்றியவர்களுக்கு அப்போது இருந்த உறுதியான சிகிச்சை, கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகுவது. பகலில் துளையை மூடிக்கொள்ளலாம், இரவில் திறந்துவிட வேண்டும். எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

சம்மதிக்காத ஒருவரால்தான் கதை திரும்பியது. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், துளைக்கு மறுத்த ஒரு நோயாளியின் மூக்கு வழியே இரவு முழுவதும் காற்றை ஊதிப் பார்த்தார். தூசி உறிஞ்சும் மெஷினின் மோட்டாரைக் காற்று ஊதுவதற்குப் பயன்படுத்திக்கொண்டார். மூக்கை அச்செடுத்து வார்த்த முகமூடியைப் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். அந்த மனிதர் தடையின்றித் தூங்கினார். ஐந்து நோயாளிகளின் அனுபவம் 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இன்று நம் வீடுகளில் இருக்கும் சி-பாப் மெஷினின் பிறப்பு இதுதான். இதற்கு முன்பே சல்லிவன் கனடாவின் டொரன்டோவில், தூங்கும்போது மூச்சு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே ஆய்வுக்கூடத்தில் தூங்கியவை நாய்கள். மெஷினுக்கும் நாய்க்கும் உள்ள உறவு நம் படுக்கையறையில் தொடங்கியதல்ல.

இன்றைய படுக்கையறைக்கு வருவோம். பத்தடிக்குப் பத்தடி. ஏசி ஓடுவதால் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருக்கிறது. கட்டிலில் கணவன், மனைவி, சில வீடுகளில் நடுவே பிள்ளை. கால்மாட்டில் பக் நாய். குறட்டை வெளியே போக வழியே இல்லை. தூக்கத்தைச் சோதிக்காமல் சமாளிக்கும் காலமும் போய்விட்டது. விரலில் கிளிப், நெஞ்சைச் சுற்றிப் பட்டை, மூக்கில் மெல்லிய குழாய் என்று ஒரு ராத்திரி படுத்தால், மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று கணக்கு வந்துவிடும். குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் அது ஒரு தடவை. மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. முப்பதும் அதற்கு மேலும் என்றால் கடுமை.

அப்படி எண்ணிக்கை வந்த வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒரு சடங்கு நடக்கிறது. சி-பாப் மெஷினின் டப்பாவில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் சில நாட்களிலேயே அடியில் வெள்ளையாக உப்பு படிந்துவிடும். மாஸ்க்கை மூக்கில் பொருத்தி, பின்மண்டையில் பட்டையை இழுத்து, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் மெஷின் நிற்கக் கூடாதென்று இன்வெர்ட்டர் லைனில் பிளக். முதல்முறை பார்க்கும் உறவினர் “வென்டிலேட்டரா?” என்று பதறுவார். வென்டிலேட்டரும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்பி, தொண்டைச் சதை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது.

நாய்க்கு இதெல்லாம் புதிது. குழாய் வைத்த முகத்தைப் பார்த்துக் குரைக்கும், கசியும் காற்றின் சீழ்க்கைக்குத் தலையைச் சாய்க்கும், வாய்ப்புக் கிடைத்தால் மாஸ்க்கின் சிலிகானைக் கடித்துத் துப்பும். பகலிலேயே மாஸ்க்கை மோந்து பார்க்க விட்டு, மெஷினைச் சும்மா ஓட்டிக் காட்டினால் பழகிவிடும். ரோமம்தான் ஓயாத தலைவலி. ஃபில்டரைக் கழற்றினால் வெள்ளைப் பஞ்சு சாம்பல் நிறமாகி, நாய் ரோமம் மெத்தையாகப் படிந்திருக்கும். மெஷினைத் தரையில் வைக்காமல் மேசையில் வைப்பதும், ஃபில்டரை அடிக்கடி பார்த்து மாற்றுவதும் நாய் வளர்ப்பவர்களுக்குக் கட்டாயம். நாய் எங்கே படுக்கலாம் என்பதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2017இல் தூக்கக் கோளாறு இல்லாத 40 பேரிடம் நடத்திய ஆய்வில், நாய் அதே அறையில் படுத்தால் பெரிய கெடுதல் தெரியவில்லை. கட்டிலில் ஏறினால் தூக்கத்தின் தரம் சற்றுக் குறைந்தது. அறைக்குள் வரட்டும், கட்டிலுக்கு வேண்டாம்.

சினிமாவும் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் படத்தில் குறட்டை வந்தால் அது நகைச்சுவை நடிகரின் காட்சி. 2023இல் வந்த ‘குட் நைட்’ படத்தில் கதாநாயகனின் குறட்டையே கதை. அடுத்த ஆண்டு வந்த ‘டியர்’ படத்தில் குறட்டை விடுவது மனைவி. இது முக்கியமான மாற்றம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஸ்லீப் அப்னியா வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் பொம்பளை குறட்டை விடுவதை வெளியே சொன்னால் கேவலம் என்று மறைத்தே பல வருடங்கள் போகின்றன. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தபோது ஸ்லீப் அப்னியா என்ற பெயர் செய்திகளில் அடிபட்டது. அதன்பிறகுதான் பலர் இதை நோய் என்றே காதில் வாங்கினார்கள்.

ஆக, தாத்தாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு குறைந்திருக்கிறது. போய்விடவில்லை, கால்மாட்டில் படுத்திருக்கும் நாயிடம் இடம் மாறியிருக்கிறது. 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடியதிலிருந்து பக் நம்மூரில் ‘ஹட்ச் நாய்’ ஆனது. அது குறட்டை விடுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம், லைக் குவிகிறது. மூஞ்சி தட்டையாக இருக்கவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததில் எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத் துளை ஒடுங்கி, மேலண்ணம் நீண்டு மூச்சுப்பாதையை அடைக்கிறது. இதே வகை முகம் கொண்ட இங்கிலீஷ் புல்டாக்குக்கும் தூக்கத்தில் மனிதர்களைப் போலவே மூச்சு முட்டுகிறது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987லேயே எழுதிவிட்டார்கள். சென்னை வெயிலில் அப்படிப்பட்ட நாய் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

மாறாதது ஒன்று உண்டு. மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. “நான் எங்கே குறட்டை விட்டேன்?” என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அன்றைக்கு அப்பத்தாவிடம் ஆதாரம் இல்லை. இன்றைக்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. பக்கத்தில் படுப்பவரின் குறட்டை நடுவில் நின்று திணறலோடு திரும்பினால் ஒரு நிமிடம் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர், பகலில் கண் சொக்குபவர், முக்கியமாக வண்டி ஓட்டுபவர் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பக் நாயின் வீடியோவையும் ஸ்டேட்டஸில் போடும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒடுங்கிய மூக்குத் துளையை அகலப்படுத்த அறுவை சிகிச்சை உண்டு, எடையைக் குறைத்தாலே பாதி பாரம் இறங்கும்.