ஏறிப்போகிறவர்களின் பாட்டு

சித்திரைத் திருவிழாவுக்கு வைகை அணையைத் திறந்தால், தண்ணீர் எங்கள் கோச்சடையைத் தாண்டித்தான் அழகர் இறங்கும் இடத்துக்குப் போக வேண்டும். முந்தின நாள் வரை கருவேலஞ்செடியும் சாக்கடையுமாகக் கிடந்த ஆறு, திடீரென்று நுரை தள்ளிக்கொண்டு வரும். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு பைபிளின் 126-ஆம் சங்கீதத்துக்கு உரை தேவையில்லை. எருசலேமுக்குத் தெற்கே நெகேவ் என்ற வறண்ட சீமை. அங்கே ஓடைகள் காய்ந்தே கிடக்கும். மழை விழுந்தால் இரு கரையும் புரளும். பாபிலோனியர் கி.மு. 586 வாக்கில் எருசலேமை இடித்து மக்களைச் சிறைபிடித்துப் போனார்கள். கி.மு. 538-இல் பாரசீக மன்னன் கோரேஸ் அவர்களை ஊர் திரும்ப விட்டான். அந்த ஓடைகளைப் போல எங்கள் வாழ்வும் திரும்பட்டும் என்கிறது பாட்டு.

மொத்தம் உள்ள 150 சங்கீதங்களில் 120 முதல் 134 வரை 15-க்கும் ‘ஆரோகண சங்கீதம்’, அதாவது ஏறிப்போகும் பாட்டு, என்றே தலைப்பு. எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் பாடியவை என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். யாத்திரை போன யூதர்களுக்கு வருஷத்துக்கு மூன்று விழா, மூன்றும் வெள்ளாமையை ஒட்டியவை: வாற்கோதுமைக்கு பஸ்கா, கோதுமைக்கு பெந்தெகொஸ்தே, திராட்சைக்கும் மற்றப் பழங்களுக்கும் கூடாரப் பண்டிகை. யாத்திரை வழியில் உள்ள எரிகோ ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டரில் இருக்கிறது. எருசலேம் மேலே சுமார் 750. நடுவில் 25 கிலோமீட்டர் பாதை, நிழலில்லாத மொட்டைப் பாறை. 121-ஆம் பாட்டில் கால் இடறும் பயமும் வெயில் பயமும் வருவது சும்மா அல்ல. பெரும்பாலானவை சின்னப் பாட்டுகள். 133-க்கும் 134-க்கும் மூன்று மூன்று வசனம்தான். ஏடு பார்த்துக்கொண்டு யார் மலை ஏறுவது?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இருக்கிறார். “ஒருத்தர் எடுத்துக்குடுப்பார், கூட்டம் வாங்கிப் பாடும் சார். உங்க அழகர் வர்ணிப்பு மாதிரிதான்” என்றார்.

“அப்ப உடுக்கையும் உண்டா ஐயா?”

“உடுக்கை இல்ல, தோல்கருவி உண்டு. கைத்தாளமும் உண்டு.”

அவர் சொன்னதற்குப் பாட்டிலேயே தடயம் இருக்கிறது. 124-இலும் 129-இலும் முதல் அடியைச் சொன்னதும், இஸ்ரவேலர் எல்லாரும் சொல்லுங்கள் என்று ஒரு குரல் கூப்பிடுகிறது. ஓர் அடியில் வந்த கருத்து அடுத்த அடியில் வேறு சொல்லில் மறுபடி வரும். எபிரேயக் கவிதையின் இந்த அமைப்பை ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ராபர்ட் லோத் 1753-இல் அச்சிட்ட விரிவுரைகளில் விரிவாக விளக்கினார். விளக்கம் படிக்காமலே உழவனும் ஆடுமேய்ப்பவனும் பாடிக்கொண்டு போயிருப்பார்கள்.

எருசலேம் கோயிலிலும் இந்தப் பாட்டுகளுக்கு இடம் இருந்தது. பெண்கள் முற்றத்திலிருந்து உள்முற்றத்துக்கு 15 படிகள், பாட்டும் 15. கூடாரப் பண்டிகை இரவில் கோயில் பணி செய்த லேவியர் அந்தப் படிகளில் வாத்தியங்களோடு நின்று பாடினார்கள் என்கிறது மிஷ்னா என்ற யூத நூல். கி.பி. 70-இல் ரோமர் அந்தக் கோயிலை எரித்தார்கள். கோயிலில் பாடிய மெட்டு இன்று யாருக்கும் தெரியாது.

இவற்றைக் கண்ணால் மட்டும் வாசிக்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, அடி மாற்றி அடி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.