பிறேக் குழாயிற் புகுந்த காற்றை வீட்டில் அகற்றுதல்

நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வாகனம் இன்று கமக்காரரின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. வெலிமடையிலும் நுவரெலியாவிலும் விளையும் கோவா, கரட், லீக்ஸ் முதலியன நெடிய மலைச்சாலைகளில் இறங்கியே தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்ச் சேர வேண்டியுள்ளன. அவ்விறக்கத்தில் சாரதியின் உயிரும் சரக்கும் பிறேக்கையே நம்பியுள்ளன. எனினும், இயந்திரத்துக்கு ஒயில் மாற்றத் தவறாத பலர், பிறேக் ஒயிலை வாகனம் வாங்கிய நாள் முதல் ஒருமுறையேனும் மாற்றியிருப்பதில்லை.

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் ஒயிலைக் குழாய்களினூடாகத் தள்ளுகின்றது. திரவம் அமுக்கத்தினாற் சுருங்காத தன்மையது. ஆகவே காலின் விசை நான்கு சில்லுகளையும் உடனே சென்றடைகின்றது. காற்றோ எளிதிற் சுருங்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினாற் கைப்பிடி உள்ளே போவதையும், அதே பம்பில் நீரை நிரப்பி அடைத்து அழுத்தினால் அது அசையாது நிற்பதையும் எவரும் பரீட்சித்துப் பார்க்கலாம். பிறேக் குழாயில் காற்றுக் குமிழிகள் இருப்பின் மிதியின் ஓட்டத்திற் பெரும்பகுதி அவற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

மிதி பஞ்சுபோல அமிழ்ந்து, பலமுறை மிதித்த பின்னரும் அம்மென்மை நீங்காதிருப்பின் குழாயிற் காற்று உண்டெனக் கொள்ளலாம். சில முறை மிதித்ததும் உயர்ந்து கடினமாக நிற்குமாயின், பின் சில்லுகளின் பிறேக் ஷூக்கள் தேய்ந்தோ தளர்ந்தோ இருக்கக்கூடும். அவற்றைச் சரிப்படுத்தாது காற்றை எடுப்பதனாற் பயனில்லை. காலை ஒரே நிலையில் அழுத்தி வைத்திருக்க மிதி மெல்ல மெல்லத் தாழுமாயின், எங்கோ ஒழுக்கு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் கெட்டுவிட்டது. அத்தகைய வாகனத்தை ஓட்டாது, கராஜ் தொழிலாளியை வரவழைத்தலே தக்கது.

பிறேக் ஒயில் என்று பெயர் வழங்கினும் அது பெரும்பாலான வாகனங்களில் எண்ணெய் இனத்ததன்று. கிளைக்கோலை அடிப்படையாகக் கொண்ட திரவமாகும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டொட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கும்போது குறைந்தது செல்சியஸ் 205 பாகை வரை கொதியாது நிற்க வேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகை மட்டுமே. டொட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155 பாகைகளாகும். பாரமேற்றிய வாகனம் நீண்ட இறக்கத்தில் பிறேக்கை அழுத்தியபடியே இறங்குமாயின், சில்லின் வெப்பத்தினால் ஈரமேறிய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். அவ்வேளையில் மிதி தளம் வரை போகும், வாகனம் நிற்காது. இதிலுள்ள வஞ்சகம் யாதெனில், சூடு தணிந்ததும் மிதி முன்போலவே உறுதியாகிவிடும். சாரதியும் குறை நீங்கிற்றென எண்ணி மறுநாளும் அதே பாதையில் இறங்குவார். இறக்கத்திற் சிறிய கியரில் செல்லுதல் வெப்பத்தைக் குறைக்கும். ஆயினும் ஈரமேறிய ஒயிலை மாற்றுவதற்கு அது ஈடாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் பொதுவான விதி; காற்றை எடுக்கும் வேலையோடு இதனையும் ஒருங்கே முடிக்கலாம்.

தாங்கியின் மூடியிற் குறிக்கப்பட்ட வகையையே, முத்திரை உடையாத புதிய தகரத்தில் வாங்க வேண்டும். இயந்திர ஒயில், மண்ணெண்ணெய் என்பன ஒரு துளி கலந்தாலும் றப்பர் உறுப்புக்கள் ஊதிக் கெடும். சிலிக்கோனாலாகிய டொட் 5 வகையை இவற்றுடன் கலத்தலும் ஆகாது.

வேலைக்கு இருவர் வேண்டும். நிப்பிளுக்கு அளவான வளைய ஸ்பானர், அதில் இறுக்கமாகப் பொருந்தும் ஒளிபுகு குழாய், அடியிற் சிறிது புதிய பிறேக் ஒயில் ஊற்றிய போத்தல் ஆகியன போதும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு மரக்கட்டை இடுக. உயர்ந்த பிக்கப்பைத் தூக்காமலே பெரும்பாலும் நிப்பிளை எட்டலாம். தூக்குவதாயின் உறுதியான தாங்கு கால்களை வைத்த பின்னரே கீழே செல்ல வேண்டும். ஜக்கை மட்டும் நம்புதலும், பாரத்தில் நொறுங்கும் செங்கல்லை அடுக்குதலும் உயிருக்கு ஆபத்தானவை.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்குதல் வழக்கம். எம் நாட்டின் வலப்புறச் சாரதி வாகனங்களிற் பின்இடம், பின்வலம், முன்இடம், முன்வலம் என்பது அம்முறை. கைநூல் வேறு முறை கூறின் அதனையே பின்பற்றுக. சில பிக்கப்புகளிற் பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்கேற்ப அமுக்கத்தை மாற்றும் வால்வு ஒன்று உண்டு. அதற்குத் தனி நிப்பிள் இருப்பின் அங்கும் காற்றை எடுக்க வேண்டும். இதனை மறந்துவிட்டு மிதி உறுதியாகவில்லையெனச் சலிப்போர் உளர்.

இயந்திரத்தை நிறுத்தி, நிப்பிளைத் துடைத்து, குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் போத்தலிலுள்ள ஒயிலில் அமிழ்த்துக. சாரதி ஆசனத்திலிருப்பவர் மூன்று முறை மெதுவாக மிதித்து, மூன்றாம் முறை அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். அப்போது கீழேயிருப்பவர் நிப்பிளைக் காற்சுற்றுத் திறப்பார், குமிழிகளுடன் பழைய ஒயில் வெளிவரும், மிதி தாழும். நிப்பிளை மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் காற்று மீண்டும் உள்ளே புகும். ஆகவே “மிதி”, “பிடி”, “விடு” என்னும் கட்டளைகளைக் கீழேயிருப்பவரே கூற வேண்டும், அவர் வயதில் இளையவராயினும். பழைய வாகனமாயின் மிதியின் கீழ் ஒரு மரத்துண்டை வைத்தல் நன்று. மிதி தளம் வரை சென்றால், பிஸ்டனின் றப்பர், சிலிண்டரில் வழக்கமாகத் தொடாத துருப்பிடித்த பகுதியில் உராய்ந்து கிழியக்கூடும்.

நான்கைந்து முறைக்கொருதரம் தாங்கியில் ஒயில் நிரப்புக. அது வற்றினால் முழு வேலையும் மீண்டும் முதலிலிருந்தே. ஏ.பி.எஸ். பொருத்திய வாகனத்தில் அவ்வாறு வற்றிவிடின், கருவியுள்ள கராஜுக்கு வாகனத்தை இழுத்துச் செல்ல நேரலாம். குமிழிகள் நின்று தெளிந்த ஒயில் வரும்வரை ஒவ்வொரு சில்லிலும் தொடர்க.

வெளிவந்த ஒயிலை மீண்டும் தாங்கியில் ஊற்றலாகாது. அது நஞ்சு, வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டுதலும், குளிர்பானப் போத்தலில் வைத்தலும் கூடாது. வாகனத்தின் வர்ணத்திற் சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுக, இன்றேல் வர்ணம் உரியும்.

வேலை முடிந்ததும் இயந்திரத்தை இயக்கி, மிதியை ஒரு நிமிடம் உறுதியாக அழுத்தி வைத்து, அது தாழ்கின்றதா என்றும், நிப்பிள்களில் ஈரம் கசிகின்றதா என்றும் பார்க்க வேண்டும். பின்னர் சரக்கின்றிச் சமதரையில் நடைவேகத்தில் ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்க்க. அதன் பின்னரே மூடைகளை ஏற்றலாம்.