மருத்துவருக்கும் வேண்டும் ஆசிரியப் பயிற்சி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

கற்றல் வேறு, கற்பித்தல் வேறு. நிரம்பக் கற்றவர் அனைவரும் நன்கு கற்பிப்பர் என்று சொல்ல இயலாது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நல்லாசிரியர் யார் என்பதோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் கூறுகிறது. அதற்குக் காட்டும் உவமைகளுள் ஒன்று கழற்காய் நிரப்பிய குடம். காய்களை ஒரு வரிசையில் போடுகிறோம்; கவிழ்த்தால் வேறு வரிசையில் கொட்டுகின்றன. கற்றதை முறைப்படி சொல்லத் தெரியாதவர் நிலையும் அதுவே.

‘டாக்டர்’ என்னும் சொல், கற்பித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஆயினும், பள்ளியில் பாடம் நடத்தப் பி.எட். கேட்கும் நம் நாட்டில், மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்த நெடுங்காலம் மருத்துவப் பட்டமேற்படிப்பே போதுமானதாக இருந்தது.

கட்டிலருகே கற்பிப்பவர் யார்?

வகுப்பறையில் பேராசிரியர் பாடம் நடத்துகிறார். வார்டில், நோயாளியின் கட்டிலருகே, எம்.பி.பி.எஸ். மாணவருக்குப் பல நேரங்களில் சொல்லிக்கொடுப்பவர் எம்.டி., எம்.எஸ். பயிலும் இளம் மருத்துவர். அவரும் ஒரு மாணவரே. இரவுப் பணி, ஆய்வேடு, தேர்வு ஆகியவற்றுக்கிடையே தம் இளையோருக்கும் அவர் கற்பிக்க வேண்டும். எப்படிக் கற்பிப்பது என்பதை அவருக்குக் கற்பித்தவர் யார்?

நான்கு படிகள்

கற்பித்தல் பிறவி வரமன்று. பழகினால் வரும் தொழில். பிரிட்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பெய்ட்டன் 1998இல் கூறிய நான்கு படி முறை இதற்குச் சான்று. இரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுத்தருவதாகக் கொள்வோம். முதலில், ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுகிறார். இரண்டாவதாக, கையில் பட்டையைச் சுற்றுவது முதல் ஸ்டெதஸ்கோப்பில் ஒலி கேட்பது வரை விளக்கிக்கொண்டே செய்கிறார். மூன்றாவதாக, மாணவர் ஒவ்வொரு படியாகச் சொல்ல, ஆசிரியர் அதன்படி செய்கிறார். இறுதியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். மூன்றாம் படியே இம்முறையின் உயிர்நாடி. மாணவர் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது, நோயாளியைத் தொடும் முன்னரே அங்கு வெளிப்பட்டுவிடுகிறது.

நம் பக்கத்தில்

உளுந்தூர்பேட்டை வட்டார மக்கள் பெருநோய் என்றால் முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பேருந்து ஏறுவர். அந்த ஜிப்மரில்தான் 1970களில், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு, மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் தொடங்கப்பெற்றது. இன்று மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் கற்பித்தல் நுட்பம் குறித்த அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும் என்று விதியும் வந்துள்ளது. அந்தப் பயிற்சியைப் பட்டமேற்படிப்பின் தொடக்கத்திலேயே அனைவருக்கும் அளித்தால் என்ன? ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும். உடன் பயில்வோர் குறைநிறைகளைச் சொல்லட்டும். இதற்குப் பெரும் செலவு ஆகாது.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு மருத்துவ இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. இதனால் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளும் மருத்துவ வகுப்பில் அமர்கின்றனர். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லாதவர்க்கு ஆசிரியர் விளக்கம் ஒன்றே துணை என்பதை நான் அறிவேன். வசதி உள்ளவன் தனிப்பயிற்சிக்குப் போவான். இல்லாதவன் எங்கே போவான்?

பயன் வகுப்போடு முடிவதும் இல்லை. படிப்படியாக விளக்கப் பழகிய மருத்துவர், கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் தாய்க்கும் இன்சுலின் ஊசி போடும் முறையைப் புரியும்படி சொல்வார். அவரையே திரும்பச் சொல்லச் சொல்லிச் சரிபார்ப்பார். மருந்துச் சீட்டு நோய்க்கு வழி காட்டும். அதை விளங்கவைக்கும் சொல்லே நோயாளியை அவ்வழியில் நடத்தும். ஆகவே, மருத்துவம் கற்போர் கற்பிக்கவும் கற்கட்டும்!