மணி ஒன்று, கைகள் பல



திருவிழாக் கடைகளில் கண்ணாடி மணிமாலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில மாலைகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் போலவே மின்னும் வேறு மாலைகளுக்கு நகரத்துப் பெரிய கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். இந்த வேறுபாடு எதனால்? "இது கையால் செய்தது" என்று கடைக்காரர் சொன்னால், அது உண்மைதானா என்று நாம் அறிவது எப்படி? விடை காண வேண்டுமானால், ஒரு மணி எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கடற்கரையின் பெருமை

கண்ணாடி மணி நமக்குப் புதிதன்று. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் இடம் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கே அகழாய்வு நடத்தினார். ரோமாபுரியுடன் வாணிகம் செய்த துறைமுகம் அது என்பது தெரியவந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குக் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவுள்ள, ஒரே நிறமுடைய சிறு மணிகள் அவை. இவ்வகை மணிகள் இலங்கையிலும் தாய்லாந்திலும் வியத்நாமிலும் கிடைத்திருக்கின்றன. கொரியா, ஜப்பான் நாட்டுப் பழங்காலக் கல்லறைகளிலும் கிடைத்துள்ளன. இவற்றை விரிவாக ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இந்தோ-பசிபிக் மணிகள் என்று இவற்றுக்குப் பெயரிட்டார்.

அரிக்கமேட்டின் உலைகள் அணைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்த முறை அழியவில்லை. ஆந்திர மாநிலத்தில், ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடைப்பட்ட பகுதியில் பாப்பாநாயுடுபேட்டை என்னும் சிற்றூர் உள்ளது. புகழ்பெற்ற குடிமல்லம் சிவன் கோயிலுக்கு மிக அருகில் இருக்கிறது. நம் நசரத்பேட்டையிலிருந்து செல்வோர் ஆவடிக்குச் சென்று, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா வரை இரயிலிலேயே போகலாம். பழைய மணித்தொழில் முறை தலைமுறை தலைமுறையாக இவ்வூர்க் குடும்பங்களிடம் வழங்கி வந்திருப்பதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

மணி பிறக்கும் விதம்

உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் பெரிய உருண்டையாகத் திரட்டுகிறார்கள். அதைக் கூம்பு போல் உருட்டி, நடுவே துளை விழச் செய்து, மறுபடியும் உலைக்குள் வைத்து மெல்லச் சுழற்றுகிறார்கள். எதிர்ப்புறத்து வாயிலில் அமர்ந்திருப்பவர் இளகிய கண்ணாடியைக் கொக்கியால் பற்றி இழுக்கிறார். உள்ளே துளையுள்ள மெல்லிய கண்ணாடிக் குழல் நூல் போல் நீண்டு வருகிறது. கை மாற்றிக் கை மாற்றி அவர் மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் குழல் மெலிந்துவிடும். வேகம் குறைந்தால் தடித்துவிடும். அளவுகோல் அவருடைய கைப்பழக்கமே.

பிறகு குழல்களைக் கூரிய இரும்பின்மேல் வைத்துச் சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். துண்டுகளின் துளைகள் அடைபடாமலிருக்கச் சாம்பலுடன் கலந்து, மீண்டும் சூடேற்றிக் கிளறுகிறார்கள். கூரிய விளிம்புகள் மழுங்கி உருண்டையாகின்றன. கழுவுவது, தரம் பிரிப்பது, நூலில் கோப்பது ஆகிய வேலைகள் இன்னும் மிச்சம். ஒரு சிறு மணி நம் கைக்கு வருமுன் எத்தனை பேர் கைகளைக் கடந்து வருகிறது, பாருங்கள்!

கண்ணாடித் தீவு

மேல்நாட்டில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம், இத்தாலி நாட்டு வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவு. 1291-ஆம் ஆண்டு வெனிஸ் அரசு கண்ணாடி உலைகள் நகருக்குள் இருக்கக் கூடாது என்று ஆணையிட்டது. மரவீடுகள் நிறைந்த நகரில் தீப்பற்றும் என்ற அச்சமே காரணம். உலைகள் எல்லாம் முரானோவில் சேர்ந்தன. தொழில் இரகசியம் வெளியே போகாதிருக்க, கண்ணாடி ஆசான்கள் நாட்டை விட்டுச் செல்லவும் தடை விதிக்கப்பட்டது.

நம் போன்ற பெண்பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. அஞ்செலோ பரோவியெர் என்ற பேராசானின் மகள் மரியா பரோவியெர். ஆண்களே நடத்திய அத்தொழிலில், 1487-ஆம் ஆண்டு தமக்கென ஒரு சிறிய உலை வைத்துக்கொள்ள இவர் அனுமதி பெற்றார். நீலம், வெள்ளை, சிவப்பு அடுக்குகள் நட்சத்திர வடிவில் தோன்றும் 'ரொசெத்தா' மணியை உருவாக்கியவர் இவரே என்று கருதப்படுகிறது. செபமாலைக்கென்றே மணி செய்த கைவினைஞர் சங்கமும் வெனிஸில் இருந்தது. ஆகவே கண்ணாடி மணியின் வரலாற்றில் நம் கையிலுள்ள செபமாலைக்கும் ஓர் இடம் உண்டு.

மணிகளைக் கோத்தவர்கள் வெனிஸ் நகரத்து ஏழைப் பெண்கள். வீட்டு வாசலில் அமர்ந்து, மடியிலுள்ள மரத்தட்டு மணிகளுக்குள் நீண்ட ஊசிகளை விசிறி போல் பிடித்துச் செலுத்துவார்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி சொற்பமே. 1904-இல் நியாயமான கூலி கேட்டு அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

உண்மையும் போலியும்

இன்று முரானோவுக்கு வந்திருக்கும் பெரிய துன்பம் போலிச் சரக்கு. வேறு நாடுகளில் இயந்திரத்தில் செய்த மலிவான மணிகள் முரானோ என்ற பெயரில் அத்தீவின் வாசலிலேயே விற்கப்படுகின்றன. இதைத் தடுக்க 1994-இல் அம்மாநில அரசு சட்டம் இயற்றி, உண்மையான முரானோ கண்ணாடிக்குத் தனி முத்திரை ஏற்படுத்தியது. கண்ணாடி மணிக் கலையை 2020-இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் புகழால் உலை எரியாது. எரிவாயு விலை ஏறிய 2022-ஆம் ஆண்டையொட்டி முரானோவில் பல உலைகள் அணைத்து வைக்கப்பட்டன.

எனவே கைவினைஞர் ஊருக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை சில:

1. இலவசமாக அழைத்துச் செல்கிறேன் என்பவரை நம்பிப் போகாதீர்கள். அவருக்குரிய தரகு நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் ஏறிவிடும். வெனிஸிலிருந்து முரானோவுக்குப் பொதுமக்கள் படகிலேயே போகலாம்.

2. உலை எல்லா நாளும் எரியாது. எரியும் நாளை முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். வேலை செய்பவரிடம் அனுமதி கேட்ட பின்பே படம் எடுங்கள்.

3. மணிகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். கையால் செய்தவற்றில் அளவிலும் வடிவிலும் சிறு வேறுபாடு இருக்கும். அச்சில் வார்த்த மணியில் நடுவே மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும்.

4. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழுத்துச் செய்த மணியில் நுண்குமிழிகளும் நிறக்கோடுகளும் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். முரானோவில் விளக்குச் சுடரில் கம்பியைச் சுற்றிச் செய்யும் மணியில் அவை துளையைச் சுற்றி வளைந்திருக்கும்.

5. கண்ணாடி தொட்டால் குளிர்ந்திருக்கும், கனமாக இருக்கும். பிளாஸ்டிக் எடை குறைந்தது, தொட்டால் அவ்வளவு குளிராது.

6. யார் செய்தார், எங்கே செய்தார் என்று கேளுங்கள். செய்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார். விற்பவர் மழுப்பினால் யோசித்து வாங்குங்கள்.

பேரம் பேசும்போது

பேரம் பேசுவது நம் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் உலைச் சூட்டில் மணிக்கணக்கில் குழல் இழுத்தவரிடம் போய், இயந்திர மணியின் விலைக்கே கொடு என்று கேட்பது நியாயமாகாது. அந்த விலைக்கு அவர் இறங்கினால் இன்றைக்கு நமக்குச் சில ரூபாய் மிச்சமாகும். நாளைக்கு அவர் பிள்ளை இத்தொழிலைக் கற்க வராது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கைக்குக் கை வந்த வித்தை, ஒரு தலைமுறை கற்காவிட்டால் அத்தோடு முடிந்துவிடும். அதைப் புத்தகத்தில் படித்து மீட்க முடியாது.

அதிகம் வாங்க வேண்டும் என்பதில்லை. பத்து போலி மாலைகளுக்குப் பதில் ஒரு நல்ல மாலை போதும். அதைச் செய்த கைகளை எண்ணி உரிய விலையைக் கொடுத்து வாங்குவோம். விடுமுறையில் பெற்றோருடன் புதுச்சேரிக்கோ திருப்பதிக்கோ செல்லும் மாணவியர், அரிக்கமேட்டையும் பாப்பாநாயுடுபேட்டையையும் நினைவில் கொள்ளுங்கள். அவ்வூர்களுக்கு அருகில்தான் இருக்கின்றன.